ஊர் கூடும் மண்டபம்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதில்லை. அவ்வூரார் கூடிப் பேசிய இடங்களிலும் எழுதப்படுகிறது. மன்றம், பொதியில், அம்பலம் எனப் பல பெயர்களால் பொது இடங்களைப் போற்றிய மொழி தமிழ். சென்னை மாநகரின் நடுவே நிற்கும் விக்டோரியா பொதுமண்டபம் அம்மரபின் அண்மைக்கால வடிவங்களுள் ஒன்று. அதன் வரலாற்றையும் கட்டடக் கலையையும் எடுத்துரைத்து, பழைய பொதுக்கட்டடங்களைக் காப்பது என்பதன் உண்மைப் பொருள் யாது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

கூடிப் பேசும் மரபு

மக்கள் ஓரிடத்தில் கூடுவது எளிது. கூடிப் பேசி முடிவெடுப்பது அரிது. அதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், பிறர் சொல்லைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். பழந்தமிழ் ஊர்களில் மரத்தடி மன்றமும் பொதியிலும் அத்தகைய இடங்களாக இருந்தன. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளைச் சபை மண்டபத்தின் சுவர்களிலேயே பொறித்து வைத்துள்ளன. சபை கூடிய இடமே சபையின் சட்டநூலாகவும் விளங்கியது. அச்சபையில் இடம்பெறும் தகுதி நிலமும் கல்வியும் உடைய ஆடவர் சிலருக்கே இருந்தது என்பதும் மறுக்க இயலாத உண்மை. எனினும், பொதுச்செயல் பொது இடத்தில் நிகழவேண்டும் என்னும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வெண்ணம் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றியது. ஆங்கிலக் கல்வி பெற்றோர், வணிகர், வழக்கறிஞர், இதழாளர் எனப் புதிய வகுப்பினர் சென்னையில் பெருகினர். ஆட்சியில் பங்கு பெறும் உரிமை அவர்களுக்கு மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும் பேசுவதற்குப் பொருள் இருந்தது. கேட்பதற்கு ஆளும் இருந்தனர். எல்லோரும் அமர்ந்து கேட்கத்தக்க பெரியதோர் அரங்கமே தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்து பிறந்ததே விக்டோரியா பொதுமண்டபம். சென்னை மக்கள் அதனை 'டவுன்ஹால்' என்றே நெடுங்காலம் வழங்கினர்.

நன்கொடையால் எழுந்த கட்டடம்

1882ஆம் ஆண்டில் நகரின் முதன்மையானோர் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, சென்னைக்கு ஒரு நகர மண்டபம் வேண்டும் என முடிவு செய்தனர். உள்ளாட்சி மன்றங்களில் இந்தியருக்கு மிகுதியான இடம் தரவேண்டும் என்னும் புகழ்பெற்ற தீர்மானத்தை அரசப் பிரதிநிதி ரிப்பன் பிரபு வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஒருபுறம் ஆட்சி தன் கதவைச் சிறிதளவு திறக்க, மறுபுறம் மக்கள் தாமே ஒரு வாயில் அமைக்க முற்பட்டனர் எனலாம்.

மண்டபத்திற்கான பொருள் நன்கொடையாகத் திரட்டப்பட்டது. அரசர்களும் ஜமீன்தார்களும் வணிகர்களும் கொடை அளித்தனர். 1883 டிசம்பரில் விஜயநகர மன்னர் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். இவ்விஜயநகரம் ஆந்திரத்தின் வடபகுதியில் உள்ளது. துங்கபத்திரைக் கரைப் பேரரசு அன்று. மண்டபத்திற்கான நிலத்தை நகராண்மைக் கழகம் 1886 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு மிகக் குறைந்த வாடகையில் அறக்கட்டளைக்கு வழங்கியது. 1880களின் இறுதியில் ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் ஆட்சிக்காலத்தில் மண்டபம் திறக்கப்பட்டது. விக்டோரியா அரசி அரியணை ஏறியதன் பொன்விழாவையொட்டி அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

அந்நிலம் 'மக்கள் பூங்கா' எனப்பட்ட பெரும்பூங்காவின் ஒரு பகுதி. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் திட்டமிடப்பட்ட அப்பூங்கா நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. நகரின் உயிர்க்காட்சிச் சாலையும் வண்டலூருக்கு இடம்பெயரும்வரை அங்கேதான் இருந்தது. இன்று பூங்காவின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில், மேற்கே ரிப்பன் மாளிகையும் கிழக்கே சென்ட்ரல் தொடர்வண்டி நிலையமும் அமைய, இடையில் செந்நிறத்தில் நிற்கிறது இம்மண்டபம்.

செங்கல்லில் கலந்த மரபுகள்

மண்டபத்தை வடிவமைத்தவர் இராபர்ட் ஃபெலோஸ் சிசோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் ஆகியனவும் அவர்தம் படைப்புகளே. கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். சென்னை உயர் நீதிமன்றம் முதலிய பெருங்கட்டடங்களை எழுப்பிய ஒப்பந்ததாரர் அவர். வரைபடத்தில் ஆங்கிலேயர் பெயர் இருப்பினும், செங்கல்லை அடுக்கியதும் காரையை அரைத்துப் பூசியதும் இந்நாட்டுக் கொத்தர்களின் கைகளே.

இக்கட்டடம் இந்தோ-சாரசனிக் பாணியைச் சார்ந்தது. இந்தியக் கட்டட மரபுகளையும் இசுலாமியக் கட்டட மரபுகளையும் ஐரோப்பியக் கட்டுமான முறையோடு இணைத்த பாணி அது. அவ்விணைப்பை இம்மண்டபத்தில் எளிதாகக் காணலாம். செந்நிறச் செங்கற் சுவர்கள். வளைவுகளுடன் கூடிய தாழ்வாரங்கள். கொரிந்திய முறையில் அமைந்த மெலிந்த கல்தூண்கள். அவற்றைத் தாங்கும் சதுரக் கருங்கல் அடித்தளங்கள். அரபு எழுத்தணியை நினைவூட்டும் சுடுமண் வேலைப்பாடு கொண்ட விளிம்புகள். இவை அனைத்திற்கும் மேலாக இத்தாலியச் சாயலில் உயரும் சதுரக் கோபுரம். அக்கோபுரத்தின் உச்சியிலோ, திருவிதாங்கூர் வீடுகளிலும் கோயில்களிலும் காணப்படும் சரிவுக்கூரை அமைந்துள்ளது.

கிரேக்கத் தூணும் இத்தாலியக் கோபுரமும் திருவிதாங்கூர்க் கூரையும் ஒரே கட்டடத்தில் அமைந்தது தற்செயலன்று. சிசோம் இதற்கு முன்னர்த் திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர். அப்பணியின்பொருட்டு மலையாள நாட்டின் மரவேலை மரபையும் கூரை அமைப்பையும் கூர்ந்து கற்றார். கற்றது சென்னையில் பயன்பட்டது. ஓரிடத்துக் கலை பிறிதோரிடத்துக் கட்டடத்தில் குடியேறுவது, சொல் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்வதைப் போன்றது.

மண்டபம் ஏறத்தாழ 48 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் உடையது. கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 34 மீட்டர். கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் ஒவ்வொரு பேரரங்கம் உண்டு. ஒவ்வொன்றிலும் அறுநூறு பேர் அளவில் அமரலாம். மேலரங்கில் மரத்தாலான மாடப் பகுதியும் உள்ளது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் எழுந்த அரங்கம் இது. பேசுபவர் குரல் கடைசி வரிசையை எட்ட வேண்டுமாயின், கேட்பவர் அமைதி காத்தாக வேண்டும். அவையடக்கம் பேசுவோர்க்கு மட்டுமன்று, கேட்போர்க்கும் உரியது என்பதை அக்கட்டடமே கற்பித்தது.

தெரியுமா?

பழைய செங்கற் கட்டடங்களில் சிமெண்டு பயன்படுத்தப்படவில்லை. சுண்ணாம்புக் காரையே பயன்பட்டது. சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் ஏறும் ஈரத்தை வெளிவிடும் தன்மையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, நாளடைவில் செங்கல் உதிரத் தொடங்கும். ஆகவே மரபுக் கட்டடங்களைச் சீரமைக்கும்போது சுண்ணாம்புக் காரையையே மீண்டும் பயன்படுத்துகின்றனர்.

மேடை கண்ட மாற்றங்கள்

கட்டடம் எழுந்த சில ஆண்டுகளிலேயே தமிழ் நாடகம் அதனுள் குடிபுகுந்தது. 1891ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். நாடகம் நடிப்பது மதிப்புக்குரிய செயலன்று எனக் கருதப்பட்ட காலம் அது. படித்தவர்களும் வழக்கறிஞர்களும் பொழுதுபோக்கும் கலையார்வமும் கருதி மேடையேறியபோது அக்கருத்து மெல்ல மாறத் தொடங்கியது. விடியும்வரை நீண்ட நாடகம் சில மணி நேர அளவிற்குள் அமைந்தது. பாடலே மிகுந்திருந்த மேடையில் உரைநடை உரையாடல் வலிமை பெற்றது. மனோகரா போன்ற சொந்தப் படைப்புகளும், சேக்சுபியரின் நாடகங்களைத் தழுவிய அமலாதித்யன், வாணீபுர வணிகன் முதலியனவும் சபையின் நாடகங்களாயின. சபை 1930களில் தனக்கெனத் தனி இடம் தேடிக்கொள்ளும்வரை, இம்மண்டபமே அதன் இல்லமாக விளங்கியது. தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் இம்மண்டபத்தைக் குறிப்பிடாமல் கடந்து செல்ல இயலாது.

1890களின் இறுதியில், அசையும் படம் என்னும் புதுமையைச் சென்னை மக்கள் கண்டு வியந்த தொடக்கக் காட்சிகளும் இங்கு நிகழ்ந்தன. மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர், 1897 பிப்ரவரியில் இம்மண்டபத்தில் உரையாற்றினார். காந்தியடிகள் உள்ளிட்ட நாட்டுத் தலைவர்களும் பின்னாளில் இங்கே பேசினர். பேரரசியின் பெயர் தாங்கிய கூரையின்கீழ், அப்பேரரசின் ஆட்சி நீங்க வேண்டும் என்னும் குரல் ஒலித்தது. பெயரைச் சூட்டியவர்கள் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பொதுமண்டபத்தின் இயல்பு அதுவே. கட்டியவர் கருத்துக்குள் அது அடங்கி நிற்பதில்லை.

மூடிய கதவுகள்

விடுதலைக்குப் பின்னர் நகரில் புதிய அரங்குகள் பல தோன்றின. திரையரங்குகள் பெருகின. ஒலிபெருக்கி வந்தபின் பொதுக்கூட்டங்கள் திடலுக்கும் கடற்கரைக்கும் சென்றன. மண்டபத்தின் பயன்பாடு குறைந்தது. இடையிடையே பழுதுபார்க்கப்பட்ட போதிலும், சிதைவு நிற்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகை 1985இல் முடிவடைந்தது. அதன்பின் மண்டபம் யாருக்குரியது என்னும் சிக்கல் நீதிமன்றத்திற்குச் சென்று நீண்டது. ஆண்டுகள் பல கழிந்த பின்னரே அது மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. அருகில் நடைபெற்ற மெட்ரோ தொடர்வண்டிப் பணிகளும் சீரமைப்பைத் தாமதப்படுத்தின. அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி பெரும்பொருள் ஒதுக்கிச் சீரமைப்புப் பணியை மேற்கொண்டது.

குத்தகை முடிந்த அதே 1985ஆம் ஆண்டில், மண்டபத்திற்கு அருகிலிருந்த மூர் சந்தை தீக்கிரையானது. 1900ஆம் ஆண்டு முதல் பழைய நூல்களைத் தேடிவருவோர்க்கும், எளிய பொருள்களை வாங்கவருவோர்க்கும் இடமளித்த செங்கற் கட்டடம் அது. அவ்விடத்தில் இன்று புறநகர்த் தொடர்வண்டி நிலையம் உள்ளது. மூர் சந்தையைப் படத்தில் மட்டுமே காண முடிகிறது. பொதுமண்டபத்தை நேரில் காண முடிகிறது. இவ்வேறுபாட்டின் மதிப்பை உணர்தல் வேண்டும்.

காத்தல் என்பது எது?

சீரமைத்தபின் இத்தகைய கட்டடத்தை என்ன செய்வது என்பதே அடுத்து எழும் வினா. இதில் மூன்று கருத்துகள் நிலவுகின்றன.

அன்னியர் ஆட்சியின் சின்னத்திற்கு இவ்வளவு பொருள் செலவிடுவது தேவையா என்பது முதற்கருத்து. இக்கேள்வியைப் புறந்தள்ளுதல் கூடாது. மண்டபத்திற்குப் பொருள் தந்தோர் பெருஞ்செல்வர்கள். தொடக்கக் காலத்தில் அங்கு ஒலித்த பேச்சுகளுள் பல ஆங்கிலத்தில் அமைந்தவை. நாடக மேடையில் பெண் வேடத்தையும் ஆண்களே புனைந்தனர். உழைத்துக் களைத்த எளிய மனிதர் எத்தனை பேர் அவ்வரங்கினுள் அமர்ந்திருக்கக்கூடும் என்று வினவுவது முறையே. ஆயினும் இக்குறைகளுக்கு விடை, மண்டபத்தைக் கைவிடுவதன்று; அன்று நுழைய முடியாதவர்க்கும் இன்று அதனைத் திறந்துவிடுவதே. மேலும், அரசின் ஆணையால் அன்றி, ஊராரின் முயற்சியால் எழுந்த கட்டடம் இது. அம்முயற்சியே போற்றத்தக்க மரபு.

பழங்கட்டடத்தைப் பயன்படுத்தினால் கெடும். ஆகவே அதனைப் பார்வைப்பொருளாக மட்டும் வைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் கருத்து. இதில் உண்மை இல்லாமலில்லை. சுவரில் அறையும் ஓர் ஆணியும், அளவுக்கு மீறிய கூட்டமும், முறையற்ற மின்னிணைப்பும் பேரிழப்பை விளைவிக்கும். ஆனால் பழங்கட்டடங்களுக்கு மிகப்பெரும் பகை பயன்பாடன்று, பூட்டு. பூட்டிய கட்டடத்தில் மழைநீர்க் குழாய் அடைபட்டால் அறிவார் இல்லை. பறவையின் எச்சத்தில் விழுந்த அரச விதை சுவரின் வெடிப்பில் முளைக்கிறது. முளையாக இருக்கையில் விரலால் களையக்கூடிய அது, வேரூன்றிய பின் சுவரையே பிளக்கிறது. கரையான் மரத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. நாள்தோறும் மனிதர் புழங்கும் இடத்தில் இச்சிதைவுகள் தொடக்கத்திலேயே கண்ணில் படும். ஆள் நடமாட்டமே ஒரு கட்டடத்தின் முதற்காவல்.

பெரும்பொருள் செலவிட்டதால் அதனை மீட்கும் வகையில் உயர்ந்த வாடகைக்கு விடுதல் வேண்டும் என்பது மூன்றாம் கருத்து. பராமரிப்புக்குப் பொருள் வேண்டும் என்பது மெய்யே. எனினும் வாடகை உயர்ந்தால் பொதுமண்டபம் என்னும் பெயரிலுள்ள 'பொது' என்னும் சொல் பொருளிழந்துவிடும். மீண்டும் செல்வர்க்கே உரிய அரங்காக அது மாறும். நூறாண்டுக்கு முந்தைய குறையைப் புதுச்செலவில் மீட்டெடுத்ததாகவே அது முடியும்.

ஆகவே நடுவழி ஒன்று தேவை. மண்டபத்தின் ஒரு பகுதி நகர வரலாற்றையும் நாடக வரலாற்றையும் கூறும் காட்சியகமாக இருக்கலாம். ஆனால் மேடையுள்ள அரங்கம் மேடையாகவே நீடித்தல் வேண்டும். ஆண்டின் குறிப்பிட்ட நாள்கள் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவரின் சொற்போருக்கும் நாடகத்திற்கும் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். நாடகக் குழுக்களுக்கும் இலக்கிய அமைப்புகளுக்கும் குறைந்த வாடகையில் இடம் கிடைக்க வேண்டும். அமர்வோர் எண்ணிக்கை, தீத்தடுப்பு, சுவர்க்காப்பு ஆகியவற்றிற்கான விதிகள் எழுதி வைக்கப்பட்டு, யாவர்க்கும் ஒன்றுபோலச் செயற்படுத்தப்பட வேண்டும். வரவுசெலவுக் கணக்கு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். உத்திரமேரூர் முன்னோர் தம் விதிகளைச் சுவரிலேயே எழுதி வைத்தனர். இன்றைய நிருவாகம் ஓர் அறிவிப்புப் பலகையிலேனும் எழுதி வைக்கலாம்.

இது நடவாத கனவன்று. கோயம்புத்தூரில் 1892ஆம் ஆண்டில் எழுந்த விக்டோரியா நகர மண்டபத்தில் மாநகராட்சி மன்றக் கூட்டங்கள் நடைபெற்று வருகின்றன. அதனைச் சுற்றியுள்ள பகுதிக்கே 'டவுன்ஹால்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. பேருந்து நடத்துநர் முதல் பூ விற்பவர் வரை அனைவரும் அப்பெயரை நாள்தோறும் சொல்கின்றனர். பயன்பாட்டில் இருக்கும் கட்டடம் மக்கள் நாவிலும் வாழும் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டு கட்டடங்கள், ஒரு பாடம்

சென்னையில் ரிப்பன் மாளிகையும் பொதுமண்டபமும் அருகருகே நிற்பது கருதத்தக்கது. 1913இல் திறக்கப்பட்ட வெண்ணிற மாளிகையில் நகரை ஆள்வோர் அமர்கின்றனர். அதற்கு முன்பே எழுந்த செந்நிற மண்டபம் ஆளப்படுவோர் கூடுவதற்கென எழுந்தது. முன்னதில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பின்னதில் அம்முடிவுகளைப் பற்றிய கருத்துகள் உருவாக வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இயங்கி, மற்றொன்று பூட்டிக் கிடப்பின் நகரத்தின் வாழ்வு ஒருபக்கச் சாய்வுடையதாகிவிடும்.

கையடக்கக் கருவியில் எவரும் எப்பொழுதும் கருத்துரைக்கும் காலம் இது. ஆனால் அங்கே எதிரில் இருப்பவர் முகம் தெரிவதில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் கட்டாயமும் இல்லை. ஓர் அரங்கில் அமர்ந்து மாற்றுக் கருத்தை முழுமையாகக் கேட்டு, பின்னர் எழுந்து மறுமொழி கூறும் பயிற்சியைக் கூடும் இடமே தரும். குடியாட்சிக்கு இன்றியமையாத பயிற்சி அது.

சுவருக்குச் சுண்ணாம்பு பூசலாம். உதிர்ந்த சுடுமண் வேலைப்பாட்டை மீண்டும் செய்து பொருத்தலாம். கோபுரக் கூரைக்குப் புதிய மரம் இடலாம். இவை அனைத்தும் கைவினைஞர் செய்து முடிக்கக்கூடிய பணிகள். அம்மேடையில் ஏறிப் பேசுவதும், அவ்வரங்கில் அமர்ந்து கேட்பதும் மக்கள் செய்யவேண்டிய பணிகள். முதற்பணி முடிந்து இரண்டாம் பணி தொடங்காவிடின், காக்கப்பட்டது கட்டடமே; மண்டபம் அன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மக்கள் கூடிப் பேசும் பொது இடம் எது? அதனை யார் கட்டினர், இன்று யார் பயன்படுத்துகின்றனர் என்பதை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'பழைய கட்டடங்களைப் பார்வைக்கு மட்டும் வைத்தல் வேண்டும்' – 'பயன்பாட்டில் வைத்தல் வேண்டும்' என்னும் தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக. ஒவ்வோர் அணியும் எதிரணியின் வலிமையான கருத்து ஒன்றை முதலில் எடுத்துரைத்த பின்னரே தன் கருத்தைக் கூறுதல் வேண்டும்.

3. மன்றம், பொதியில், அம்பலம், அவை, சபை, மண்டபம், அரங்கம் ஆகிய சொற்கள் இன்று எவ்வெப்பொருளில் வழங்குகின்றன என்பதை அகராதியின் துணையோடு அட்டவணைப்படுத்துக.